ஏழறை ஆட்டம்: தஞ்சைக் களத்தில் நிலவறை விளையாட்டும் எழுகூற்றிருக்கையும்

1981ஆம் ஆண்டில் தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவர் உருவாக்கிய 'விசார்ட்ரி' என்னும் கணினி விளையாட்டு ஆப்பிள் 2 கணினிக்கென வெளிவந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு ஏதுமில்லை. தேடுவதும் வீண் எனத் தோன்றலாம். ஆயினும் அவ்விளையாட்டு நிலைபெறச் செய்த வகைமையின் உள்ளமைப்பைத் தமிழ் யாப்பியல் நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தது. அவ்வகைமையைத் தஞ்சைக் களத்தில் புதிதாக ஆக்க முனைவோர் பெரியகோயிலின் ஒளிப்படங்களைத் திரட்டுவதற்கு முன்னர் யாப்பிலக்கண உரைகளைப் புரட்டிப் பார்ப்பது நன்று என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

விசார்ட்ரியில் ஆடுபவர் ஆறு பேர் கொண்ட குழுவை நடத்திச் செல்கிறார். பத்துத் தளங்கள், ஒவ்வொரு தளமும் இருபதுக்கு இருபது கட்டங்கள். திரையில் தெரிவது கோடுகளால் வரையப்பட்ட ஒரு நடைகூடம் மட்டுமே. ஆடுபவரின் உருவம் திரையில் இராது; திரையே அவருடைய கண். இதனைத் தன்மைநோக்கு எனக் குறிக்கலாம். ஓரடி வைத்தால் ஒரு கட்டம். திரும்பினால் தொண்ணூறு பாகை. வரைபடம் தரப்படாமையால் ஆடியவர்கள் கட்டத்தாளில் தாமே வரைந்துகொண்டனர். கீழே இறங்குதல், காயமுற்று மேலுள்ள கோட்டைக்கு மீளுதல், தேறியபின் முன்னினும் ஒரு தளம் ஆழமாக இறங்குதல் என்பதே ஆட்டத்தின் போக்கு. 1987இல் அட்டாரி எஸ்டி கணினிக்கு வந்த 'டஞ்சன் மாஸ்டர்' இப்போக்கிற்கு ஓடும் காலத்தைச் சேர்த்தது. எதிரி தன் முறைக்காகக் காத்திராமல் நெருங்கி வந்தான். மந்திரம் என்பது ஆடுபவர் எழுத்துக்குறிகளை வரிசைப்படுத்திக் கூட்டுவதாயிற்று. 1990களில் தடையின்றி ஓடித் திரியும் 'டூம்' முதலிய விளையாட்டுகள் வந்தபின் கட்டநடை பழையதெனப் பெரிதும் ஒதுக்கப்பட்டது. 2012இல் பின்லாந்தின் ஆல்மோஸ்ட் ஹியூமன் குழுவினர் 'லெஜண்ட் ஆஃப் கிரிம்ராக்' வாயிலாக அதை மீட்டனர். கட்டநடை அப்படியே இருந்தது. தீப்பந்தத்தின் ஒளியும் நிழலும் இக்காலத்தவை. வரைபடம் தானாகவே வரையப்படும். விரும்பியவர் அதனை நிறுத்திவிட்டுப் பழையபடி தாளில் வரையலாம்.

தமிழ் வாழ்வைப் பொருளாகக் கொண்ட விளையாட்டு உலக அரங்கை எட்டும் என்பதற்கு 2023இல் வெளிவந்த 'வெண்பா' சான்று. கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கிய இவ்விளையாட்டு 2024இல் பாஃப்டாவின் அறிமுக விளையாட்டு விருதைப் பெற்றது. இது நிலவறை விளையாட்டன்று. புலம்பெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைக் கதை. எனினும் அதன் புதிர்முறை தமிழாய்வாளர் கருதத்தக்கது. தாயின் சமையற்குறிப்பேடு சிதைந்துள்ளது. அழிந்த வரிகளை எஞ்சிய வரிகளைக்கொண்டும் சமையலின் இயல்பைக்கொண்டும் ஆடுபவர் ஊகித்துச் செயல்பட வேண்டும். ஏட்டுச்சுவடியில் செல்லரித்த இடத்தை நிரப்பும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே. பாடமீட்பு என்னும் பதிப்பியல் செயல் விளையாட்டாக மாறியிருக்கிறது. அதைப் பலர் விரும்பி ஆடியும் இருக்கின்றனர். தமிழ்ப் புலமையின் உள்முறைகளே விளையாட்டின் விதிகளாகக்கூடும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டியதில்லை.

இரவல் ஏக்கம்

பழைய பாணி விளையாட்டுகளின் கவர்ச்சி பெரும்பாலும் ஏக்கத்தைச் சார்ந்தது. மேலைநாட்டில் நாற்பது வயதைக் கடந்தவர் ஒருவர் கட்டநடையைக் காணும்போது தம் இளமையைக் காண்கிறார். காவிரிப் படுகையில் 1980களில் வளர்ந்த சிறாருக்கு அத்தகைய இளமை வாய்க்கவில்லை. அவர்கள் ஆடியது பல்லாங்குழி, ஆடுபுலியாட்டம், வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்தாடிய பரமபதம். ஆகவே தமிழில் ஆக்கப்படும் பழைய பாணி நிலவறை விளையாட்டு, விழிப்பின்றிச் செய்யப்படின், பிறர் இளமைக்கு ஏங்குவதாக முடியும். சுவரில் யாளியை ஒட்டிவிட்டுக் குகையில் பூதத்தை நிறுத்தினால் தஞ்சை வந்துவிடாது.

முதலில் நிலத்தை நோக்க வேண்டும். தஞ்சை நகரம் வல்லம் மேட்டுநிலத்தின் விளிம்பில் அமைந்தது. அதன் வடக்கிலும் கிழக்கிலும் விரிவது வண்டல். குகை இல்லை, குடையப் பாறையும் இல்லை, தோண்டினால் விரைவில் நீர் ஊறும் நிலம். இருந்தும் கோயிலுக்கும் அரண்மனைக்கும் இடையே, அங்கிருந்து தொலைவூர்களுக்கும், சுரங்கப்பாதை செல்வதாகக் கூறும் வாய்மொழிக் கதைகளுக்குப் படுகையில் குறைவில்லை. சுரங்கம் அமைவதற்கு அரிதான நிலத்தில் சுரங்கக் கதை தழைப்பது வியப்பன்று. கற்பனைக்கு அங்கேதான் வேலை மிகுதி. 'பொன்னியின் செல்வன்' (1950–1954) புதினத்தில் வந்தியத்தேவன் தஞ்சைக் கோட்டையின் பொக்கிஷ நிலவறையில் அலைவதும், பாதாளச் சிறையில் சேந்தன் அமுதன் அடைபடுவதும் இக்கற்பனைக்கு அச்சுவடிவம் தந்தன. இன்றைய இளைஞர் மனத்தில் தஞ்சை நிலவறை என்றதும் எழுவது கல்கியின் இருள்தான்.

நிலவறை நிலத்தின் கீழேதான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'டஞ்சன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் மூலமான பிரெஞ்சுச் சொல் கோட்டையின் நடுக்கோபுரத்தைக் குறித்தது. கீழ்ச்சிறை என்னும் பொருள் பின்னர் வந்தது. பெரியகோயிலின் விமானம் இவ்வகையில் இயல்பாகவே பொருந்துகிறது. கருவறையைச் சூழ்ந்த சுற்றுக்கூடம் இருதளங்களாக ஏறுகிறது. கீழ்த்தளச் சுவரில் நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருந்ததை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். ஒரே சுவரில் இரு காலங்கள். ஒளியின் கோணத்தைத் திரையில் துல்லியமாகக் கணக்கிடும் இன்றைய நுட்பம் இத்தகைய சுவருக்குத்தான் தேவை. பூதத்தின் முகத்தில் வியர்வை மின்னுவதற்கு அன்று.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. விமானத்தின் உயரம் 216 அடி, அது உயிர்மெய் எழுத்துகளின் எண்ணிக்கை என்பது போன்ற செய்திகள் கைப்பேசிகளில் உலவுகின்றன. விளையாட்டு வடிவமைப்பாளருக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடைப்பது அரிது. ஆனால் இங்குச் சொல்லப்படும் அடி ஆங்கில அளவு. இராசராசன் காலத்துத் தச்சர் விரலாலும் சாணாலும் முழத்தாலும் அளந்தனர். ஆங்கிலேயரின் அளவுகோலில் 216 என வருவதைச் சோழர் திட்டமிட்டிருக்க இயலாது. கற்பனை விளையாட்டில் கற்பனைக்கு இடமுண்டு என்பது உண்மையே. எனினும் விளையாட்டு வழி பரவும் பிழை பாடநூல் வழி பரவும் பிழையினும் ஆழமாக வேரூன்றும். ஆடியவன் அதைத் தானே கண்டுபிடித்ததாக நம்பிவிடுகிறான்.

ஏழு அறைகள்

சித்திரகவி வகைகளுள் ஒன்று எழுகூற்றிருக்கை. திருஞானசம்பந்தர் சீகாழியின் மீது பாடியது முதல் திருமுறையில் உள்ளது. திருமங்கையாழ்வார் பாடியது குடந்தைப் பெருமாளை. அருணகிரிநாதர் பாடியது சுவாமிமலை முருகனை. நக்கீரதேவ நாயனார் பெயரில் பதினொராம் திருமுறையில் ஒன்றுண்டு. முதல் மூன்று தலங்களும் காவிரிப் படுகையைச் சேர்ந்தவை என்பது நோக்கத்தக்கது.

இதன் அமைப்பு எண்களால் ஆனது. ஒன்று, இரண்டு என ஏறி ஒன்றுக்கு மீள்கிறது. பின்னர் ஒன்று, இரண்டு, மூன்று என ஏறி மீண்டும் இரண்டு, ஒன்று என இறங்குகிறது. அடுத்த முறை நான்கு வரை. இவ்வாறு ஒவ்வொரு முறையும் ஓரெண் மிகுந்து, ஏழைத் தொடும் வரை செல்கிறது. யாப்பருங்கல விருத்தி இதனை விளக்குமிடத்து ஓர் உவமையைக் கையாள்கிறது: ஏழு அறைகளை அமைத்துக்கொண்டு சிறுவர் அவற்றுள் நுழைந்தும் வெளிப்பட்டும் ஆடும் ஆட்டம் போன்றது இப்பாட்டு என்பது அதன் கருத்து. சித்திரகவியைப் பற்றிய பிற்கால விளக்கங்கள் எழுகூற்றிருக்கையைத் தேர்வடிவில் வரைந்து காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. விருத்தியுரைகாரர் கண்டது படத்தை அன்று, ஆட்டத்தை. ஓர் அறை ஆழமாக நுழைவது, வாயிலுக்கு மீள்வது, மறுபடி இன்னும் ஓர் அறை ஆழமாக நுழைவது. விசார்ட்ரி ஆடியவர் கட்டத்தாளில் வரைந்த பயணம் இதுவே.

ஒப்புமை இத்தோடு நின்றால் அது வெறும் தற்செயல். நிலவறை விளையாட்டின் தீராத குறை ஒன்றை இப்பாவகை தீர்த்துவைப்பதுதான் முதன்மையானது. மீண்டும் மீண்டும் இறங்குபவர் முதல் தளத்தை ஆறேழு முறை கடக்கிறார். அது சலிப்பூட்டும். பழைய விளையாட்டுகள் இச்சலிப்பைத் திடீரெனத் தோன்றும் எதிரிகளைக்கொண்டு மறைத்தன. இக்கால விளையாட்டுகள் குறுக்குவழிகளையும் ஒரே நொடியில் இடம்பெயர்க்கும் வாயில்களையும் வைத்துத் தப்பித்தன. முன்னது சலிப்பின்மேல் சலிப்பு. பின்னது பயணத்தையே அழித்தல். எழுகூற்றிருக்கையின் வழி வேறு. 'இரண்டு' என்னும் எண்ணைப் புலவர் பலமுறை கடக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு வேறொன்று. ஒருமுறை ஞாயிறும் திங்களும். மறுமுறை நல்வினையும் தீவினையும். இன்னொரு முறை இறைவனின் இரு திருவடிகள். அறை மாறவில்லை, அறையில் இருப்பது மாறியிருக்கிறது. மூன்றும் நான்கும் ஐந்தும் இவ்வாறே தமிழின் தொகைப்பெயர் மரபு முழுவதையும் உள்ளிழுத்துக்கொள்கின்றன.

இதனை வடிவமைப்பு விதியாக மாற்றுவது கடினமன்று. ஏழு அறைத்தொகுதிகள். ஒவ்வொரு இறக்கத்திலும் முன்பு கண்ட அறை அதே கட்டங்களோடு, அதே தூண்களோடு நிற்கும். அங்குள்ள இணை மட்டும் வேறாகும். இரண்டாம் அறையில் முதன்முறை இரு விளக்குகள். அடுத்து இரு வாயில்காவலர். அடுத்து ஒன்றையொன்று மறுக்கும் இரு கல்வெட்டுகள். ஆடுபவர் வரைந்து வைத்த வரைபடம் பொய்யாகாது, ஆனால் போதாது. சித்திரகவி 'மிறைக்கவி' எனப் பெயர்பெற்று, உயிரற்ற சொல்வித்தை என இலக்கிய வரலாறுகளில் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகிறது. வகுப்பறையில் அது பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்யப்பட்டு மறக்கப்படுகிறது. அதன் விதியை ஒருவர் தம் கால்களால் நடந்து உணரும் வாய்ப்பு வேறெந்த ஊடகத்திலும் இல்லை.

இறைவனைப் பாடிய பாடலை விளையாட்டாக்குவது தகுமா என்னும் தடை எழலாம், எழவும் வேண்டும். இங்குக் கொள்ளப்படுவது பாவகையின் அமைப்பேயன்றிப் பாடல் அன்று. பதிகத்தின் அடிகளை எதிரியைக் கொல்லும் மந்திரமாக ஆடுபவர் வாயில் வைப்பது ஒருகாலும் ஏற்கத்தக்கதன்று. அமைப்பையே ஆட்டமாகக் கண்டவர் நம் உரைகாரர் என்பதால் அதற்குத் தனியே இசைவு தேட வேண்டியதில்லை.

கட்டமும் மடையும்

கட்டநடை தஞ்சைக்கு அயலானதா? சோழர்காலப் பிரமதேயங்களின் நிலவிவரங்கள் இதற்கு விடை தருகின்றன. இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு வடக்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதிரம் என ஒரு வயலின் இடம் அக்கல்வெட்டுகளில் குறிக்கப்படுகிறது. வதி வடக்குத் தெற்காகச் செல்லும் வழி. வாய்க்கால் கிழக்கு மேற்காக ஓடுவது. இரண்டும் வெட்டிக்கொள்ளும் கட்டங்களை எண்ணி ஒரு நிலத்தைச் சென்றடையலாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னைய இந்த முகவரிமுறை, விசார்ட்ரி ஆடியவர் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்ட எண்களுக்கு மிக நெருக்கமானது. விளையாட்டில் வரைபடத்தின் அலகுகளைக் கிழக்கு 7, வடக்கு 3 என்று காட்டுவதற்கு மாறாக வதியாலும் கண்ணாற்றாலும் காட்டினால் ஆடுபவர் இரண்டு மணி நேரத்தில் கல்வெட்டு வாசிக்கும் கண்ணைப் பெற்றுவிடுவார். விளக்கக்குறிப்பு எதுவும் தேவைப்படாது.

வாய்க்கால் இருக்குமிடத்தில் நீர் இருக்க வேண்டும். மேலைநாட்டு நிலவறையில் பூட்டும் சாவியும் வழியைத் தீர்மானிக்கின்றன. படுகையில் அந்த இடம் மடைக்கு உரியது. ஒரு மடையைத் திறந்தால் ஓர் அறை வடியும், அடுத்த அறை நிறையும். நீர் புதிதாகப் பிறப்பதில்லை, இடம் மாறுகிறது. தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் கொண்ட நெடுங்கால வழக்கு இதில் அடங்கியுள்ளது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாளுக்குப் பின், தண்ணீர் தம் வயலை எப்போது எட்டும் என எண்ணியிருக்கும் கடைமடை ஊர்களின் பிள்ளைகள் இவ்விதியைச் சொல்லிக்கொடுக்காமலே அறிவர். ஏழாம் அறையைக் கடைமடையாக வைத்து, முதல் அறையில் நீரைத் தேக்கிக்கொண்டவருக்கு அங்கே வறட்சி காத்திருக்குமாறு அமைத்தால், வாளெடுத்த அரக்கன் எவனும் தேவைப்படமாட்டான். பரிசு பற்றியும் எண்ண இடமுண்டு. புகாரின் சிறைக்கோட்டத்தில் நுழைந்த மணிமேகலை அங்கிருந்து எதையும் எடுத்துவரவில்லை. பசித்தவர்க்கு உணவிட்டாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. புதையலுக்காக மட்டுமே நிலவறைக்குள் இறங்கும் வகைமைக்கு இது முற்றிலும் மாறான முடிவு.

குரலும் எழுத்தும்

தன்மைநோக்கு விளையாட்டில் பார்வை தன்மையிடத்தது. ஆனால் திரையில் வரும் உரை பெரும்பாலும் முன்னிலையில் பேசும். எதிரே கதவு இருக்கிறது, நீ பார்க்கிறாய் என்பது அதன் தொனி. தமிழில் இதனை மொழிபெயர்ப்பவர் 'நீ', 'நீங்கள்' என்னும் தெரிவில் தடுமாறிப் பெரும்பாலும் அறிவிப்புப் பலகையின் தமிழுக்கு வந்து சேர்கின்றனர். ஆற்றுப்படை இச்சிக்கலை முன்பே தீர்த்த வகைமை. முன்சென்று மீண்டவன், செல்லவிருப்பவனை எதிர்ப்பட்டு, வழியில் காணப்போவதைச் சொல்கிறான். மலைபடுகடாம் வழியின் இடர்களையும் மறைக்காது கூறுகிறது: வழுக்கும் பாறை, பாம்பு, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல். வழிகாட்டியின் குரல் அன்பும் அனுபவமும் கலந்தது, கட்டளையிடுவதில்லை. நிலவறையின் வாயிலில் களைத்து அமர்ந்திருக்கும் ஒரு பாணர் இக்குரலில் பேசினால் பயிற்சிப் பகுதி என ஒன்று தனியே வேண்டியதில்லை.

எழுத்துரு பற்றிச் சுருங்கச் சொல்லலாம். எட்டுக்கு எட்டுப் புள்ளிகளில் உரோமன் எழுத்து அடங்கும். 'ண'கரத்தின் சுழிகள் அடங்கா. 'கொ' என்னும் ஓரெழுத்தின் குறிகள் மெய்யின் இருபுறமும் நிற்பதைக் கையாளத் தெரியாத விளையாட்டுப் பொறிகள் நெடுங்காலம் தமிழைச் சிதைத்தே காட்டின. 2023இல் வெளிவந்த கோடோ 4 போன்ற கட்டற்ற பொறிகள் சிக்கலான எழுத்துமுறைகளை முறையாக வடிவமைப்பதால் இத்தடை பெரிதும் நீங்கிவிட்டது.

நீங்கியபின் செய்யத்தக்கது மிகுதி. டஞ்சன் மாஸ்டரின் மந்திரக்குறிகள் ஒன்றோடொன்று கூடிப் பொருள் தந்தன. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய்யாகும் எழுத்துமுறைக்கு இது தாய்வீடு. இரு அறைகளை இணைக்கும் வாயிலை நிலைமொழிக்கும் வருமொழிக்கும் இடைப்பட்ட புணர்ச்சியாக அமைக்கலாம். வாழையும் பழமும் சேருமிடத்தில் ஒரு கல் தோன்றும். பொன்னும் குடமும் சேருமிடத்தில் ஒரு கல் திரியும். மரமும் வேரும் சேருமிடத்தில் ஒரு கல் மறையும். நன்னூல் கூறும் மூவகை விகாரமும் கல்லின் செயலாகிவிடும். ஆனால் இதில் ஒரு பெரும் கண்ணி உண்டு. வாயிலில் 'இது எவ்வகைப் புணர்ச்சி' என்று வினா எழுந்தால் அந்த நொடியே நிலவறை தேர்வறையாகும். ஆடுபவர் எழுந்து போய்விடுவார், அவர் செய்வது சரியும்கூட. விதியைப் பெயரிடாமல் பழக்கத்தால் பிடிபடச் செய்யும் இடத்தில் மட்டுமே இலக்கணம் விளையாட்டில் உயிர்வாழும்.

இவற்றைத் தீர்மானிப்பவர் யார் என்பதே இன்றைய சிக்கல். தமிழ்த்துறைகளில் கணினித்தமிழ் ஒரு தாளாக இடம்பெறுகிறது. அது பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, தரவகம் என்னும் அளவில் நிற்கிறது. விளையாட்டு வந்தால் பட்டியல்களை மொழிபெயர்க்கும் பணியாகவே வருகிறது. 'தொடங்கு', 'சேமி', 'வெளியேறு'. சுவடிப்பதிப்பும் யாப்பும் கல்வெட்டும் பயின்ற ஒருவர் வடிவமைப்பு மேசையில் முதல் நாளிலேயே அமர்ந்திருந்தால் 216 அடி என்னும் பிழை வாயிலிலேயே நின்றிருக்கும். வதியும் கண்ணாறும் உள்ளே வந்திருக்கும். முடிந்த விளையாட்டைச் சரிபார்க்க அவரை அழைப்பதால் இவ்விரண்டும் நிகழா.

அந்த மேசையில் எடுக்கவேண்டிய முதல் முடிவுகளுள் ஒன்று பெரியகோயில் விமானத்தின் மேற்சுற்றுக்கூடத்தைப் பற்றியது. 108 கரணங்களுள் 81 அங்குச் செதுக்கப்பட்டுள்ளன. எஞ்சிய 27 கற்கள் செதுக்கப்படாமலே நிற்கின்றன. வடிவமைப்பாளர் அவற்றைத் தம் கற்பனையால் நிரப்ப விரும்புவார்; ஆடுபவர் ஒவ்வொரு வெற்றியின்போதும் ஒரு கரணம் தோன்றுமாறு செய்வது எளிது, கண்ணுக்கும் அழகு. அவற்றை வெறுங்கற்களாகவே விட்டு, ஏழாம் அறையிலிருந்து மீள்பவர் தீப்பந்தத்தோடு அவற்றின் முன் நடந்து செல்லுமாறு அமைப்பதே பொருத்தம்.